என் தொண்டை எட்டாத ஒரே பிள்ளை

சபையார் அனைவருக்கும் என் அன்பு. மத்திகிரியில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியர். நான் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புகளுக்கும் சேர்த்தே நடத்தியதாகிவிடும், அவ்வளவு தொண்டை. அந்தத் தொண்டை எட்டாத ஒரே பிள்ளை என் மகள் ஜெனி.

மூன்று வயதாகியும் அவள் "அப்பா" என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தமிழ், மாடியில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம். "மூணு பாஷை காதுல விழுந்தா பிள்ளை எதைன்னு பேசும்? குழம்பிக் கிடக்குது. தானா பேசும் சார்" என்றார் வீட்டுக்கார அம்மா. இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான். நாங்களும் நம்பினோம். முதலில் எந்த மொழியில் பேசுவாள் என்று நான் பந்தயம்கூடக் கட்டினேன்.

ஒருநாள் தெருவில் அவள் முதுகுக்குப் பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை. பிரேக் போட்ட டிரைவர், "ஏம்மா, பாப்பாவுக்குக் காது கேக்காதா?" என்று என் மனைவி எஸ்தரைத் திட்டினார். எஸ்தர் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காது நரம்பே வளரவில்லை, கருவி வைத்தும் பயனில்லை என்றார் மருத்துவர். உபவாசமிருந்து அழுதேன். ஒரே ஒரு தடவை அவள் என்னைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. என் சத்தம் தாங்காமல் ஆண்டவரே காதைப் பொத்திக்கொண்டார் போலும்.

அந்தச் சமயத்தில் பள்ளித் தாளாளர், "எம்.எட். முடிங்க சார், ஹெச்.எம். ஆக்கிடறேன்" என்றார். விண்ணப்பிக்க எஸ்தரையும் ஜெனியையும் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன். அங்கிருந்த பேராசிரியை எம்.எட்., கல்வியியல் எம்.ஏ. என்று சொல்லிக்கொண்டே வந்து, காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சிறப்புக் கல்வி பி.எட். ஒன்றும் இருக்கிறது என்றார்.

"பி.எட். முடிச்சவன் மறுபடியும் பி.எட்.டா? ஃபெயிலாயிட்டான்னு நினைப்பாங்க" என்று சிரித்தேன்.

எஸ்தர் சிரிக்கவில்லை. "ஹெச்.எம். ஆனா ஊருக்கே பேசுவீங்க. இவகிட்ட யாருங்க பேசறது?"

பி.எட்.டிலேயே சேர்ந்தேன். சைகை மொழி வகுப்பில் கடைசி மாணவன் நான்தான். வாய் ஓடுகிற வேகத்தில் கால்வாசிகூட விரல் ஓடவில்லை. கற்றதை எல்லாம் ஜெனிக்குச் செய்து காட்டுவேன். கொஞ்சம் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

ஒரு மாலை முதுகைக் காட்டி நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். ஜெனி தன் உதட்டின் மேல் இல்லாத மீசையை முறுக்கினாள். சைகையில் அப்பா என்றால் அதுதான். என் முகத்தில் இருப்பது பூனை மீசை. அவள் முறுக்கியதோ இன்ஸ்பெக்டர் மீசை. காபியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அவள் காது திறக்கவில்லை. அதற்காக இன்றும் அழுகிறேன். ஆனால் அவள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். நான் கேட்டது அதுதானே. நம்பிக் கேளுங்கள், பிரியமானவர்களே. பதில் பின்னாலிருந்து சட்டையை இழுக்கலாம், திரும்பிப் பாருங்கள்.