அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காசிக்கு

எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் நடந்தது இது. எங்கள் அப்பா பட்டு நெசவாளி. நான் ஒரே பெண், கல்யாணமாகியும் அப்பா வீட்டிலேயே குடியிருந்தேன். சாகும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: அஸ்தியைக் காசியில் கரைக்க வேண்டும்.

மகன் இல்லாததால், எனக்கு அண்ணன் முறையான பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். அஸ்தியைச் செப்புச் சொம்பில் போட்டு, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தோட்டத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். தானே காசிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். ஆனால் தை போய் மாசி வந்தது, முகூர்த்தச் சேலைக்குத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் அப்பா மரத்தில் தொங்குவார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, ரைஸ் மில் வைத்திருந்தார். மாமா போன பிறகு மில் வேனைத் தானே ஓட்டுவார். ஊரே வேடிக்கை பார்க்கும், அவர் கண்டுகொள்ள மாட்டார். ஒருநாள் வேனை எங்கள் வாசலில் நிறுத்தி, காசிக்குக் கிளம்புடி என்றார். அண்ணன் ஓடி வந்து, பொம்பளை கையால் கரைத்தால் சித்தப்பாவுக்குக் கதி கிடைக்காது என்று கத்தினார்.

"நீ தறியில குந்திகினு இரு கண்ணு. எங்க அண்ணனை நான் இட்டுகினு போறேன்" என்றார் அத்தை.

நான் சாமி, சாஸ்திரம் எல்லாம் நம்புகிறவள். அண்ணன் சொன்னது நிஜமாகிவிட்டால்? ஆனாலும் என் வீட்டுக்காரர் போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளை அவரிடம் விட்டு, மரத்திலிருந்து சொம்பை அவிழ்த்துப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டேன்.

கிளம்பிய அஸ்தியை வழியில் தரையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கண்ணமங்கலம், வேலூர், சித்தூர், ஐதராபாத் என்று வழி நெடுக சொம்பு என் மடியில்தான். நான் இறங்கவேண்டிய நேரம் அத்தை வாங்கிக்கொள்வார். நாக்பூரில் ஆரஞ்சை உரித்து என் வாயில் போட்டுக்கொண்டே, "உசுரோட இருந்தப்ப வேலூருக்குக் கூப்பிட்டாலே தறி நிக்கும்னுவான். இப்ப பாரு, நாக்பூர் பார்த்துட்டான்" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

அதைத் தாண்டி ஒரு செக்போஸ்ட். எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைக்கச் சொன்னார் அங்கிருந்தவர். பட்டுத்துணி சுற்றிய சொம்பைப் பார்த்ததும் சந்தேகம். அத்தை தனக்குத் தெரிந்த ஆற்காட்டு உருதில் விளக்கினார். அவர் கேட்கவில்லை. கம்பால் தரையைத் தட்டி, இங்கே வை என்று காட்டினார். அதுவரை எந்த ஆம்பளை முன்னாலும் குரலை உயர்த்தாதவள் நான். என்ன வந்ததோ, தமிழிலேயே சொன்னேன்:

"இது எங்கப்பா. கீழ வைக்க மாட்டேன். என்ன பண்ணுவியோ பண்ணிக்கோ."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வெயிலில் நிற்க வைத்தார். நின்றேன். கை மரத்துப்போனது. அத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றபோதும் தரவில்லை. பின்னால் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்க, எரிச்சலில் போ போ என்று கையை ஆட்டிவிட்டார்.

காசியில் கங்கைக் கரையில் ஒரு தமிழ் சாஸ்திரிகள் கிடைத்தார். ஆம்பளைகள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வரலைங்க. நான் பொண்ணு, நான்தான் செய்வேன். நீங்க மந்திரம் சொல்றீங்களா, இல்ல சிவசிவான்னு நானே கரைச்சிடட்டுங்களா?"

அவர் தர்ப்பையைக் கையில் எடுத்தார். பிறகு, தண்ணீரில் இறங்கும்மா என்றார். விசுவநாதா, இதில் குற்றம் இருந்தால் என்னோடு போகட்டும், அப்பாவைத் தொடாதே என்று வேண்டிக்கொண்டு கரைத்தேன். அத்தை முழங்கால் தண்ணீரில் நின்று, போய்ட்டு வாண்ணா என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஊருக்கு வந்த பிறகு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதனால்தான் என்று தெருவில் சொன்னார். சொல்லட்டும். இன்றும் அமாவாசைக்கு அப்பாவை நினைத்து நானே எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். நாளைக்குச் சாமி முன்னால் நிற்கும்போது, ஏன் செய்தாய் என்று அந்தச் சாமியே கேட்டாலும், பெற்ற அப்பாவை மரத்தில் தொங்கவிட என்னால் முடியவில்லை என்று தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.