அம்மாவுக்காக மதுரை பார்த்த நாள்

மதுரையை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். காலையில் ரயிலடியில் இறங்கி, ஊர் காட்டுவதற்கு ஒரு ஆளை அமர்த்தி, ஜட்கா வண்டியில் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் மறுபடியும் ரயில் ஏறிவிட்டோம். அந்த ஒரு நாளைப் பற்றிய கோபம் மட்டும் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால், சமயத்துக்கு ஒருவர்மேல். என் அம்மாவும் அந்த வரிசையில் இருந்தாள்.

அம்மா மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறி மலாயாவில் பேராவுக்கு வந்தவள். நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். ஊரைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். யாராவது ஊர், ஊர் என்று உருகினால், "அங்க என்ன இருக்கு, புழுதியும் பசியும்தான். தப்பிச்சு வந்தமே, அதச் சொல்லு" என்று வாயை அடைத்துவிடுவாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஏக்கம் இருந்தது. மதுரை அம்மனை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"கோபுரத்த எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அவள பாத்ததில்ல" என்பாள். ஏன் என்று கேட்டால், "குடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நானும் நம்பினேன். தோட்டத்தில் விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற எங்களுக்கு உட்காரவே நேரம் இருக்காது. ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் என் வீட்டுக்காரர் தோட்டத்துத் துரையின் மோட்டார் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் துரை நீண்ட லீவில் சீமைக்குப் போனார். காருக்குத் துணி போர்த்திக் கொட்டகையில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரருக்கும் லீவு கொடுத்தார். கூடவே தன் பழைய கோட்டையும், தக்கையில் செய்த ஒரு தொப்பியையும் கொடுத்தார். இந்தியாவைப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ரொம்ப நாள் ஆசை. கோப்பெங்கில் ஈயச் சுரங்கத்து ஓரம் பிறந்து வளர்ந்தவர், கப்பலைக்கூடப் பக்கத்தில் பார்த்ததில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அவளுக்கோ முட்டிவலி, லயத்துப் படி இறங்கவே நாலு பேரைக் கூப்பிடுவாள்.

"நான் எங்க வாரது? நீ போ. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போட்ட உத்தரவுகள் இருக்கிறதே! கையில் கிளி வைத்திருப்பாளாம், எந்தக் கை என்று பார்க்க வேண்டும். என்ன நிறத்தில் புடவை, எந்த மாலை, மூக்குத்தி எப்படி மின்னுகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். "கண்ண மூடிக் கும்பிட்டுட்டு வந்துராதடி. கண்ணத் தொறந்து பாரு. வந்து எனக்குச் சொல்லணும்." மருமகனிடம், "மாப்ள, அந்தக் கோட்டயும் தொப்பியயும் போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போவணும்" என்று நச்சரித்தாள். மதுரை வெயிலில் கோட்டா? கிழவிக்குப் பெருமை பிடித்து ஆட்டுகிறது என்று நான் சிரித்தேன்.

பினாங்கில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் மாறி மாறி மதுரைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு உடம்பு முழுக்கக் கரி. ரயிலடிக் கிணற்றில் குளித்துப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். இவர் தலையில் தொப்பியைப் பார்த்ததும் ரயிலடியில் நின்ற ஆட்களில் ஒருவர் ஓடி வந்தார். ஒல்லியான மனிதர், வாய் நிறைய வெற்றிலை, "நான் கைடு தொரை, இந்த ஊருல எனக்குத் தெரியாத கல்லு கெடையாது" என்றார். அவரையே நாள் முழுதுக்கும் கூலி பேசி அமர்த்திக்கொண்டோம்.

வண்டி நகர்ந்ததுமே அவர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"தொரைக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"சுங்கை சிப்புட்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது சரிங்க, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கோப்பெங்ல இருந்தோம்."

"அதுக்கும் முன்னாடிங்க தொரை. அப்பாரு, பாட்டனாரு வழியில..."

"அப்பாவும் கோப்பெங்லதான் செத்தாரு" என்றார் இவர், மரியாதையாக. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாரு, பாவம்."

கைடு வண்டிக்காரரைப் பார்த்தார். வண்டிக்காரர் குதிரையைப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் என்ன தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது சத்தியமாக எங்கள் இரண்டு பேருக்குமே புரியவில்லை. கடைசியில் அவர் தொப்பியை ஒரு தரம் பார்த்துவிட்டு, கேள்வியை விட்டுவிட்டார்.

முதலில் நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனார். அந்தத் தூண்களைக் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும். இவர் அண்ணாந்து பார்த்து, "நம்ம ரப்பர் ஸ்டோரு ரெண்டு உள்ள நிக்கும்லா" என்று வியந்தார். கைடு ராஜா கதையைத் தொடங்கினார், தொடங்கினார், முடிக்கவே இல்லை. உச்சிக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று ரயிலில் ஒரு அம்மாள் சொல்லியிருந்தாள். சாயந்திரம் திறந்து கூட்டத்தில் நுழைவதற்குள் எங்கள் ரயில் போய்விடும். பார்க்காமல் போனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

"அண்ணே, ராஜா எப்பவோ செத்துட்டாரு, அவரு காத்திருப்பாரு. மொதல்ல அம்மனக் காட்டுங்க" என்றேன்.

"தாயிக்கு அவசரத்தப் பாரு" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பச் சொன்னார்.

கோயில் வாசலில் இவர் செருப்பையும் கோட்டையும் கழற்றி வண்டியில் போட்டார். தொப்பியை மட்டும் கைடு தன் கையில் வாங்கிக்கொண்டார். உள்ளே கல் குளுகுளுவென்று இருந்தது. எண்ணெய், பூ, வௌவால் எல்லாம் கலந்த ஒரு வாடை. கூட்டம் நெரிந்தது. கைடு தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, கடல் தாண்டி வந்தவுக, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே போனார். ஜனங்கள் விலகினார்கள். நானும் துரைசாணி மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

பார்த்தேன். கண்ணை மூடவே இல்லை. கிளி வலது கையில். அரக்கு நிறப் பட்டு, மல்லிகையும் மரிக்கொழுந்தும் கட்டிய மாலை. தீபம் மேலே போனபோது மூக்குத்தி ஒரு தரம் சுடர்விட்டது. கைடு காதருகில் ஏதோ விளக்கம் சொன்னார், "கொஞ்சம் சும்மா இருங்கண்ணே" என்றேன். அம்மா, இதோ உனக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு சுவரோரம், என் வயசுக்காரி ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றாள். கால் சுடுகிறதோ என்னவோ, மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்கக்கா வெயில்ல நிக்கிறீங்க? நடை சாத்தப் போறாங்க, பிள்ளயத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடுங்க!"

நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அவுக உள்ள வரப்புடாது தாயி" என்றார் கைடு.

"ஏன், பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கா?"

"அட, அதெல்லாம் இல்ல தாயி." அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அவர்கள் இன்ன ஜாதி, அவர்களுக்குக் கோபுர தரிசனம் மட்டும்தான் என்றார்.

அவர் சொன்னது எங்கள் ஜாதி.

எங்கள் லயத்திலும் அந்தச் சொல் இல்லாமல் இல்லை. கல்யாணப் பேச்சில் வரும், கள்ளுக்கடைச் சண்டையில் வரும். ஆனால் எங்கள் தகரக்கூரை மாரியம்மன் கோயில் வாசலில் அது வந்து நின்று யாரையும் மறித்ததில்லை. அங்கே அம்மனைக் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிடுகிறதே என் அம்மாதான். தீச்சட்டி எடுக்கிறவர் என் வீட்டுக்காரர். சாமி இருக்கிற இடத்துக்குப் போகக்கூடாத மனிதர்கள் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பக்கத்தில் இவர் வாயைத் திறந்தார். கோப்பெங்கைச் சொன்ன அதே வெள்ளை மனசோடு, "நாங்களும்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தேன்.

"நாங்களும் பசியில இருக்கோம்ணே. சாப்பிடப் போலாம்" என்று முடித்தேன்.

இந்தச் சுவரோரம்தான் அம்மாவும் நின்றிருப்பாள். குடுத்து வைக்கல, குடுத்து வைக்கல என்று எத்தனை வருஷம் சொன்னாள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையில் பிரசாதம் இருந்தது, இலையில் குங்குமமும் கொஞ்சம் பூவும். நேரே தெருவைக் கடந்து அவளிடம் போனேன்.

"கீழ வைங்க தாயி, எடுத்துக்கிறேன்" என்றாள்.

நான் கீழே வைக்கவில்லை. பிள்ளை நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு, இலையைப் பாதியாகக் கிழித்து, அவள் கையைப் பிடித்து அதில் வைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நன்றியில் குனிகிறாள் என்று ஒரு விநாடி நினைத்தேன். அவள் கண் தெருவின் இரண்டு பக்கமும் ஓடியதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. யாராவது பார்த்தால் அடி அவளுக்குத்தான் விழும். எனக்கு மாலையில் ரயில் இருந்தது, அவளுக்கு எதுவும் இல்லை. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சந்துக்குள் வேகமாகப் போய்விட்டாள்.

"என்ன தாயி காரியம் பண்ணிப்புட்டீக!" கைடு பதறிப்போனார். "தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வாங்க, நான் வேணா எடம் காட்டுறேன்."

"நான் காலையிலயே குளிச்சிட்டேன். உங்களுக்கு வேணும்னா நீங்க குளிங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என்னை அதிகமாகத் தின்றது. மத்தியானம் முழுக்க எனக்கு நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினார், இளநீர் வாங்கிக் கொடுத்தார், தெப்பக்குளத்தைக் காட்டினார். எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. நாங்கள் யார் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் துடித்தேன், ஆனால் முன்பின் தெரியாத ஊர், கூட இவர் வேறு. ரயிலடியில் இரண்டு கையையும் கூப்பி, "அடுத்த தடவ வந்தா என்னியத்தான் தேடணும் தொரை" என்றார். இவர் தலையாட்டினார். ரயில் கிளம்பியதும் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

திரும்பும் வழியில் பினாங்குக்கு எதிரே இருக்கிற தீவில், நோய் பார்க்கும் முகாமில் எங்களை அடைத்துப் போட்டார்கள். படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டிய மட்டும் நேரம் கிடைத்தது. கோட்டு எதற்கு, தொப்பி எதற்கு என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. யாரும் எங்கள் ஜாதியைக் கேட்காமலிருக்க, அம்மா எல்லாம் தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாள்! யாராவது கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெற்ற தாய் இப்படிச் செய்வாளா?

லயத்து வாசலில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பையைக்கூட நான் இறக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா, தெரியாதாம்மா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உள்ள போனியா?"

"போனேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"தெரியும்."

"புடிச்சிருந்தா உன் மாப்ளய அடிச்சுப் போட்டிருப்பானுங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீ?" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. இவர் பின்னால் நின்று, "வுடு புள்ள, போதும்லா" என்றார்.

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

"ஏன் போகாம? எனக்கென்ன பயம்?"

"போயிருப்ப. ஆனா அவள பாத்திருக்க மாட்ட. எவன் பாக்குறான், எவன் கேக்குறான்னு பக்கத்துல நிக்கிறவனத்தான் பாத்துக்கிட்டு நின்னிருப்ப." அம்மா முட்டியைத் தடவிக்கொண்டாள். "நான் ஒரு தடவ போனேன்டி. வயசுப்புள்ளயில, திருவிழாக் கூட்டத்தோட கூட்டமா உள்ள பூந்துட்டேன். அவ நேரா எதுக்க இருந்தா. எவனாச்சும் தலமுடியப் புடிச்சு இழுப்பானோன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள தள்ளிவிட்டுட்டாங்க. அம்புட்டு தூரம் போயும் அவள பாக்கல."

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பையை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இவர் உள்ளே போய் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி போட ஆரம்பித்தார். நான் அம்மனின் கிரீடத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.