அக்கா பேசாத நாட்கள்

ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் முதலில் சிரித்துப் பேசியவர் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் எங்கள் ஊரான லகாட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவோம். சில காலைகளில் வாய் ஓயாமல் பேசுவார். வேறு சில நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு யாராவது முகம் கொடுக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. எங்களோடு வேலை செய்த இன்னொருத்தி அப்படியில்லை. அக்கா திரும்பாவிட்டால் தோளைத் தட்டிக் கூப்பிடுவாள். "இதெல்லாம் மனசுல வெக்காத லா" என்பாள்.

நான் வைத்துக்கொண்டேன். அக்கா வலிய வந்து பேசிய நாட்களிலும் முகத்தைத் திருப்பினேன். "தோணுனா பேசும், இல்லாட்டி மனுசரா மதிக்காது" என்று கேண்டீனில் சொல்லித் திரிந்தேன். கடைசியில் சூப்பர்வைசரிடமே போனேன். "என்ன சொன்னாலும் காதுல வாங்கமாட்டாங்க. அவங்ககூட என்னால வேலை செய்ய முடியாது."

மறுவாரமே அக்காவைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள்.

சில மாதங்கள் கழித்துத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் காது பரிசோதனை நடந்தது. அக்காவுக்கு அடுத்தது என் முறை. உள்ளே நர்ஸ் உரக்கக் கேட்டது வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

"இடது பக்கம் சுத்தமா கேக்கலயேக்கா. எத்தன வருசமா?"

"மூணு வருசம் இருக்கும். சொன்னா வேலை போயிருமோன்னு பயம்."

பஸ்ஸில் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்த நாட்களில் பேசியிருக்கிறார். இடப்பக்கம் உட்கார்ந்த நாட்களில் நான் பேசியதே அவருக்குத் தெரிந்திருக்காது.

அன்று மாலை பஸ்ஸில் அவருடைய வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"என்மேல கோவமாக்கா?"

"கோவமா? நீதான் திடீர்னு பேசாம போய்ட்ட. வீட்டுல ஏதோ கஷ்டம் போலன்னு நெனச்சேன். நோண்டிக் கேக்க வேணாம்னு விட்டுட்டேன்."

நான் அவரைப்போல ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். சூப்பர்வைசரிடம் போனதை அப்போதே சொல்லிவிட வேண்டுமென்று வாயைத் திறந்தேன். "தலவலிக்கா" என்றுதான் வந்தது. அக்கா தன் கைப்பையில் தைலம் தேடத் தொடங்கினார்.

அக்கா இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறார். தன்னை ஏன் மாற்றினார்கள் என்று தெரியவில்லை என்று என்னிடமே இரண்டு முறை சொல்லிவிட்டார். இரண்டு முறையும் நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.