நாலாவது பஸ்

படம் தொடங்கி நாற்பதாவது நிமிடத்தில் அந்த வசனம் வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதுவரை திரையை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த படம். அக்காளைப் பெண் பார்க்க வருகிறவன் தங்கையின் காதலன். அவனுடைய அண்ணனோ அக்காளின் பழைய காதலன். இப்படிச் சிக்கிக்கொண்ட இரண்டு குடும்பங்களின் நகைச்சுவை. வசனம் நான் எழுதினேன். கேரளத்தில் எடுத்ததால் படம் முழுவதும் மலையாளம். பெண்களின் தாய் பேசும் ஒரேயொரு வசனத்தை மட்டும் எங்கள் வீட்டுத் தமிழிலேயே விட்டுவைத்தேன். மலையாளத்தில் எழுதிப் பார்த்தபோது அதற்கு உயிர் இல்லை.

அது என் அம்மாவின் பேச்சு. அடுக்களையில் நின்று பெரியம்மாவிடம் போனில் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். திருமணத்துக்கு முன்பு ஒருவருக்காக உதியன்குளங்கரை பஸ் நிறுத்தத்தில் அவள் காத்து நின்ற கதை. அப்பாவுக்குத் தெரியாத கதை. உதியன்குளங்கரையை அம்பூரி என்று மாற்றினேன். ஊர் மாறினால் ஆளும் மாறிவிடும் என்று நம்பினேன்.

படத்தை எங்கள் ஊர் நூலகத்திலேயே திரையிடுவார்கள் என்று எழுதும்போது நினைக்கவில்லை. அப்பா பக்கத்து வீட்டாரையெல்லாம் அழைத்து வந்திருந்தார். ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்தார்கள். அதையும் மீறி நான்கு மணி வெயில் கசிந்தது.

திரையில் தாயாக நடித்தவள் தேங்காய் துருவியபடி சொன்னாள்: "மூணு பஸ்ஸு வந்துது. அவன் இறங்கல்ல. நாலாவது பஸ்ஸுல எங்க அப்பன் இறங்கினாரு. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணமாக்கும்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. வீட்டுப் பேச்சைத் திரையில் கேட்டதில் எல்லோருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவின் கழுத்து அசையவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா என் பக்கம் திரும்பினார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"மக்கா, ஒரு தப்பு உண்டு கேட்டியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அம்பூரிக்கு அந்தக் காலத்துல காலம்பற ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நின்ன நிப்புல நாலு பஸ்ஸு எங்க இருந்து வரும்? நாலு பஸ்ஸு வரணும்னா மெயின் ரோடு வேணும். உதியன்குளங்கரைன்னு வச்சிருக்கணும்."

நான் பேசுமுன் அம்மா பேசினாள். "சினிமாவுக்கு எதுக்கு டைம் டேபிளு? கண்டக்டரைக் கூட்டிட்டுப் படம் பாக்க வந்தது என் தப்பு."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக நின்றதா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வீடு வந்ததும் அவர் முன்னறையில் உட்கார்ந்தார்.

அடுக்களையில் அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி கேட்டாள்: "வேற என்னெல்லாம் கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல்லம்மா."

அவள் திரும்பி வந்து, மழையில் உப்பி எப்போதும் திறந்தே கிடக்கும் அடுக்களைக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில போடுவாங்கன்னு சொன்னல்லா? நானும் வாறேன் மக்கா. அந்த பஸ்ஸு சீனை இன்னொருக்கக் கேக்கணும்."

கதவுக்குப் பின்னால் பாத்திரங்களின் சத்தம் நின்றுபோயிருந்தது.