ராஜினாமா செய்ய வந்தவர்

வண்டலூரைத் தாண்டி, அட்டைப்பெட்டி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் எச்.ஆர். அதிகாரி. வேலையை விட்டுப் போக வருகிறவர்களைப் பேசி நிறுத்தவேண்டும் என்பார் எங்கள் ஃபேக்டரி மேனேஜர். ஆட்களைக் குறைக்கவேண்டும் என்று ஹெட் ஆபீஸ் மேலாளர் போனில் சொல்வார். சிட்லபாக்கம் வீட்டுக்குப் போனதும் குக்கரைத்தான் திட்டுவேன்.

ஒரு மத்தியானம் லோடிங் சூப்பர்வைசர் அறைக்குள் வந்தார். மீசையே பாதி முகம்.

"என்னால ஆவாது மேடம். இன்னையோட நின்னுக்கறேன்."

அப்போதுதான் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' பயிற்சி முடித்திருந்தேன். குறுக்கிடாமல் கேட்கவேண்டும், முகத்தில் கனிவு தெரியவேண்டும். கனிவை வரவழைத்துக்கொண்டேன்.

"பல்லு வலியா மேடம்?"

"இல்லண்ணா, நீங்க சொல்லுங்க."

"ஒருத்தரு லாரிய உடனே அனுப்புன்றாரு. அனுப்புனா, என்னைக் கேக்காம ஏன் அனுப்புனேன்றாரு இன்னொருத்தரு. டிரைவர் ஆரன் அடிச்சுகினே கீறான். வூட்லயே எனக்கு ஒரு மாமியார்தான் மேடம். இங்க ரெண்டு!"

'உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது' என்று நிதானமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "உங்க நிலைமை எனக்கு..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வந்தது பயிற்சியில் இல்லாதது.

"எனக்கும் ரெண்டு பேருண்ணா. ஒருத்தர் ஆளை விடாதேங்கறார், ஒருத்தர் ஆளை அனுப்புங்கறார். எனக்கே இந்த வேலை வேணாம்ணா."

கண்ணீர் கொட்டிவிட்டது. அவர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். தான்தான் அழவைத்ததாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்று உடனே அகலத் திறந்தும் வைத்தார். பிறகு கேன்டீனுக்கு ஓடி, டீயும் சமோசாவும் வாங்கிவந்தார்.

"கோவத்துல முடிவெடுக்கக் கூடாது மேடம். மொதல்ல சாப்டுங்க. நீங்களும் பூட்டா நாங்க யாராண்ட வந்து சொல்றது?"

சமோசா தீரும்வரை அவருக்கு இரண்டு, எனக்கு இரண்டு என நான்கு மேலதிகாரிகளையும் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டினோம். எனக்கு மூச்சு லேசானது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். "சரி, நான் போய் அந்த லாரியப் பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். ராஜினாமா பேச்சையே அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஃபேக்டரி மேனேஜர் பூரித்துப்போய் வந்தார். "எப்படிம்மா அந்த ஆளை நிறுத்தினே? இனிமே எல்லா ஸ்டாஃபுக்கும் நீதான் அந்த எமோஷனல் இன்டெலிஜென்ஸ் கிளாஸ் எடுக்கணும்."

அவர் வெளியே போவதற்குள் ஹெட் ஆபீஸிலிருந்து போன். "தானா போறேன்னு வந்தவரை எதுக்கு மேடம் நிறுத்தினீங்க?"

முதல் வகுப்பில் சூப்பர்வைசர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள், மடிப்புக் கலையாத கர்ச்சீஃப் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"இருக்கட்டும் மேடம், எதுக்கும்."