கோட் போட்டவர்களோடு என் சண்டை

மழை ஒருவழியாக விட்டது. முதல் வேலையாகப் புத்தக அலுமாரியைத் திறந்தேன். நினைத்தது சரிதான், பூஞ்சணம். வத்தேகமவில் விடாமல் பெய்தால் செருப்பிலும் பூஞ்சணம் பிடிக்கும், கைப்பையிலும் பிடிக்கும், புத்தகத்தை மட்டும் விட்டுவைக்குமா? எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் முற்றத்து மதில்மேல் வெயிலுக்கு விரித்துவைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கருவாடு காயப்போட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மகள் வந்து பார்த்தாள். பேராதனைக் கம்பஸில் படிக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், என்னைப்போல.

"என்னாம்மா இது, இன்னும் இதையெல்லாம் வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க. ஃபோன்ல ஒவ்வொரு புத்தகத்தையும் பத்து நிமிசத்துல சுருக்கிச் சொல்லிர்றாங்க."

"கேக்குறவங்க கேக்கட்டும். இதெல்லாம் நான் சண்ட போட்ட புத்தகம். தொடாத."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் அலுமாரியில் இருப்பவை கதையோ கவிதையோ அல்ல. தொழில் செய்து முன்னேறுவது எப்படி, பணக்காரர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள், வெறுங்கையோடு வந்து கம்பனி கட்டியவர் யார் என்ற வகைதான் முழுவதும். அட்டையில் கோட் போட்ட ஒருவர் கைகட்டி நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். இலக்கியம் படிக்கும் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் இந்த அலுமாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். அப்பன் பாட்டன் வைத்த கடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் வேடிக்கையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் கடை என்றால் சாமான் வாங்கப் போகும் இடம், அவ்வளவுதான். கடைக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவர்கள் இந்தக் கோட் போட்டவர்கள்.

பூஞ்சணம் பிடித்த தாளில் ஒரு புளித்த வாசனை வரும். அதை முகர்ந்தால் எனக்குக் கண்டியில் நான் வேலை பார்த்த துணிக்கடையின் மேல்மாடி ஞாபகம் வந்துவிடும். கஞ்சி போட்ட புதுத்துணியும் பூச்சி உருண்டையும் எங்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் கலந்த வாசனை அது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மடுல்கெல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, கடைசி பஸ்ஸில் ஏறுவேன். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் துணிக்கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நான் சத்தமாக வாசிப்பேன். கேட்பவள் ரிஸானா, என்னோடு வேலை செய்தவள். அவள் சிங்கள மொழியில் படித்தவள், தமிழ் வாசிக்க வராது, ஆனால் தமிழில் கேள்வி கேட்க நன்றாக வரும். புத்தகங்களை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் விரித்து விற்கும் ஒரு சிங்களவரிடம் வாங்கினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அட்டையில் கோட் இருந்தால் "நங்கி, உங்க புத்தகம்!" என்று கூப்பிட்டு நீட்டுவார். நங்கி என்றால் தங்கச்சி. ஒருமுறை அப்படி வாங்கி வந்ததைத் திறந்தால் நீரிழிவு பற்றி ஒரு டாக்டர் எழுதியது. காசு கொடுத்துவிட்டோமே என்று அதையும் முழுவதும் வாசித்தேன்.

அந்தக் கதைகளில் ஒரு கூட்டத்தார் தவறாமல் வீட்டுக் கார் கொட்டகையில்தான் தொழிலைத் தொடங்குவார்கள். அதுதான் அவர்களுடைய ஏழ்மைக்கு அடையாளம். எங்கள் தோட்டத்தில் கார் கொட்டகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது துரை பங்களாவில். எங்கள் வீட்டைவிட அது பெரிது. இன்னொரு கூட்டத்தார் அதிகாலையில் எழும்புவதால்தான் கோடீஸ்வரர் ஆனோம் என்பார்கள். அதை வாசித்த அன்று ரிஸானா கையில் சோற்றுப் பிடியோடு கேட்டாள்:

"ஒங்கட தோட்டத்தில எல்லாரும் எத்தனை மணிக்கு எழும்புற?"

"விடியிறதுக்கு முந்தியே. பெரட்டுக்குப் போகணுமே."

"அப்ப ஒங்கட லயம் முழுக்கக் கோடீஸ்வரர்தான்."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. என் அம்மா ஆயுள் முழுக்க இருட்டில் எழும்பியவள். அவளைப் பற்றி ஒரு கோட்டும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற விடப்போவதும் இல்லை.

இருந்தாலும் வாசித்தேன். திட்டிக்கொண்டே வாசித்தேன். சொன்னதைச் செய்தும் பார்த்தேன், அதுதான் வேடிக்கை. உன் இலட்சியத்தைத் தெளிவாக எழுதி, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டு என்று ஒரு புத்தகம் சொன்னது. நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "ஒரு வருடத்துக்குள் சொந்தக் கடை. இதுவே இறுதி முடிவு. எக்காரணம் கொண்டும் பின்வாங்கப் போவதில்லை." வீட்டுக்குள் சுவர் புகையும் ஈரமுமாக இருந்தது, பசை ஒட்டவில்லை. வெளிச் சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

லயத்துச் சுவரில் தாள் ஒட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் புத்தகம் எழுதியவருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒன்று சாவு, இல்லாவிட்டால் ஸ்ட்ரைக். விடியும்போது வாசலில் ஒரு கூட்டம் நின்றது. கொழுந்துக்கூடையோடு பெண்கள், கம்பளியோடு ஆண்கள், ஒருவருடைய தோளுக்கு மேலாக இன்னொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா புள்ள, எப்பருந்து ஸ்ட்ரைக்கு?" என்று கேட்டார் அடுத்த வீட்டு மாமா.

"ஸ்ட்ரைக்கு இல்ல மாமா. கடை."

"கடையடைப்பா?"

"அடைக்கிறது இல்ல மாமா, தொறக்கிறது!"

"எந்தக் கட்சி தொறக்குது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்தத் தாளைப் பிய்த்தெடுத்துக்கொண்டு உள்ளே ஓடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அப்பா வெளியே வந்தார். தாளை ஒருதரம் நிதானமாக வாசித்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார்.

"ஆமா. எம் மக சொந்தமா கடை போடப் போறா. யாருக்காவது ஆட்சேபண இருந்தா இப்பவே சொல்லிருங்க."

யாருக்கும் இருக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தப்ப வழியும் இருக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், பஸ்ஸில் கண்டக்டரும் கேட்பார்: கடை என்னாச்சு? கோட் போட்டவர்கள் எல்லாரும் தாங்கள் தனி ஆளாக நின்று ஜெயித்ததாகத்தான் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. அவர்களுக்குப் பின்னாலும் கேள்வி கேட்டே விரட்டிய ஒரு லயம் இருந்திருக்கும், எழுதாமல் விட்டிருப்பார்கள்.

வேலையை விட்ட கதைக்கு வருகிறேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்து ஆட்கள் வந்தால் என்ன வேண்டும் என்று கேட்கக்கூடாது. மேசைக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும், அதிலிருந்து எடுத்துப் போட வேண்டும். சாயம் கொஞ்சம் ஏறுக்குமாறானது, கரை பிசகியது, போன வருடத்தில் தேங்கியது எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதற்குப் பெயரே தோட்டத்து ரகம். நல்லது முழுவதும் மேல்தட்டில், ஏணி வைத்து எடுக்க வேண்டும். முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு எங்களுக்குத் துணி கொடுப்பார், சுகமில்லை என்றால் வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் தோட்டத்துப் பெண்ணுக்கு ஏணி ஏறுவது வீண்வேலை என்பது அவருடைய தீர்மானம்.

ஒரு நாள் ஹேவாஹெட்டவிலிருந்து ஒரு தாய் மகளோடு வந்தாள். இருவரும் படிக்கு வெளியே ஓரமாக நின்றார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான் நிற்பார்கள், யாராவது உள்ளே கூப்பிடும்வரை. கூப்பிட்டேன். மகளுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது, நல்லதாக ஒரு சேலை வேண்டும் என்றாள் தாய். முதலாளி அந்தப் பக்கமிருந்து கண்ணால் கீழே காட்டினார். நான் ஏணியை எடுத்தேன். இருப்பதில் சிறந்ததை முதலில் காட்டு என்று வாசித்திருந்தேன். புத்தகம் சொன்னதால் செய்தேனா, அந்தத் தாய் நின்ற நிலையைப் பார்த்துச் செய்தேனா என்று கேட்டால், இரண்டும்தான். மேல்தட்டில் இருந்ததில் பாதி மேசைக்கு வந்துவிட்டது.

அந்தத் தாய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "இதெல்லாம் எங்களுக்கு எடுத்துக் காட்டவே மாட்டாங்களே தாயி" என்றாள். கடைசியில் அவள் கைக்கு எட்டிய விலையில் ஒன்று எடுத்தாள். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது வேண்டும் என்று அவளாகச் சொல்லி எடுத்தாள்.

அவர்கள் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இது கடையா, கண்காட்சியா?"

"நல்லத மொதல்ல காட்டணும் சேர். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"அந்தப் புத்தகத்தை எழுதினவன் எந்த ஊரில் கடை வைத்திருக்கிறான்? இங்கே வேலை செய்தால் கீழே இருக்கிறதைக் காட்டு."

"முடியாது சேர்" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் பாதிச் சமையல் நடந்தது. ஆனாலும் மேல்மாடிக்குப் போய்ப் பையையும் பாதி வாசித்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரிஸானா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நீ போனா எனக்கு யாருடீ வாசிச்சித் தார?"

அதற்குப்பின் கடை போட ஓர் அறை தேடி அலைந்தேன். கண்டியிலும் தேடினேன், வத்தேகமவிலும் தேடினேன். போகும் இடமெல்லாம் முதலில் மரியாதையாகப் பேசுவார்கள். பிறகு அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். முகவரியில் தோட்டத்துப் பெயர் இருக்கும். "ஆ, தோட்டமா?" என்று கேட்டுவிட்டு, அறையை வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது என்பார்கள். கோட் போட்டவர்களுக்கும் எத்தனையோ பேர் கதவை அடைத்திருக்கிறார்கள், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அட்டையில் இருக்கும் ஊர்ப்பெயருக்காகக் கதவு அடைபட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் எழுதவில்லை. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை புத்தகங்களையும் வெந்நீர் அடுப்பில் போட்டிருப்பேன். அம்மாதான் பிடுங்கி வைத்தாள்.

அறை ரிஸானாவின் வீட்டில் கிடைத்தது. அவள் உம்மா வத்தேகமவில் பாதையோரத்து வீட்டில் இருந்தார். "எங்கட முன் ரூம் சும்மாதானே ஈக்கி. ரெண்டு தைக்கிற மெசினப் போடுங்க" என்றார். ரிஸானாவும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். துணி கொஞ்சம், தையல் அதிகம் என்று தொடங்கினோம். சுவரில் அடித்த தட்டுகள் எல்லாம் கண் மட்டத்தில். மேசைக்குக் கீழே வெறும் தரைதான்.

திறப்பு நாளில் உம்மா பிஸ்மி சொல்லிக் கதவைத் திறந்தார். நான் பால் பொங்கவைத்தேன். அப்பா உள்ளே வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லயத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு கூட்டமே வந்திருந்தது, தாளை ஸ்ட்ரைக் என்று நினைத்த மாமா உட்பட. அம்மாவைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மடித்த குடையைக் கையில் பிடித்தபடி, படிக்கு வெளியே ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வாங்கம்மா. ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"கூப்புடுவாங்கன்னு நின்னேன்."

"யாரும்மா கூப்புடணும்? இது ஒங்க மக கடை."

"தெரியும் புள்ள. பழக்கம்."

வந்தாள். துணியைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டாள். விரல்களில் தேயிலைக் கறை, எத்தனை தரம் கழுவினாலும் போகாதது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு புதுத்துணியை எடுத்து அவள் கையில் அப்படியே அழுத்தி வைத்தேன். கறை பட்டால் படட்டும்.

இப்போது அந்த நடைபாதையில் புத்தகம் விற்பவர் இல்லை. கண்டிக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள், மேல்மாடி என்ன ஆனதோ தெரியாது. உம்மா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். ரிஸானா மகனோடு கட்டார் போய்விட்டாள். ஃபோனில் வந்தால் இன்றைக்கும், "என்னத்தையாவது வாசிடீ" என்பாள். நானும் வாசிப்பேன். அம்மா போய் வருடங்கள் ஆகிவிட்டன.

போன கிழமை மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் எங்கள் கடைக்கு வந்தாள். காதில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குடையை உதறிவிட்டு நேரே உள்ளே வந்தாள். அதை எடுங்க, இதை விரிங்க என்று தட்டு முழுவதையும் இறக்கவைத்தாள். "இதவிட நல்லது இல்லையாக்கா?" என்று கேட்டாள். ஒன்றும் பிடிக்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

"எவ்வளவு திமிரு! ஒரு தேங்ஸ்கூடச் சொல்லல" என்றாள் மகள்.

"அவ எதுக்குச் சொல்லணும்?" என்றேன். மலையாகக் குவிந்துகிடந்த துணியை மடிக்க உட்கார்ந்தேன். பழைய காலத்தில் இருந்து காணாமல் போனதற்கெல்லாம் வருந்துவது என் வயதில் ஒரு வழக்கம். படிக்கு வெளியே நின்று, கூப்பிடட்டும் என்று காத்திருக்கும் அந்தப் பழக்கமும் எங்கள் பக்கத்தில் காணாமல் போய்விட்டது. அதற்கு நான் ஒரு சொட்டும் வருந்த மாட்டேன். அந்தப் பெண் உள்ளே வந்த விதத்தைப் பார்க்க அம்மா இல்லையே என்பதுதான் வருத்தம்.