வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு சைக்கிள்காரி

கண்டியில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற தொழிலுக்கு இரண்டே பருவகாலம்: ஏற்றம், மழை. பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டிலும் மூச்சுவாங்கும் என் இனத்தவரே, வாவிப் பக்கம் நமக்கென்று வெள்ளைக் கோடு போட்டுத் தனிப்பாதை ஒதுக்கினார்களே, அந்தக் கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அன்னாசி வேன்

முதல் நாள் ராணி மாதிரி இறங்கினேன். கொஞ்சத் தூரம்தான். பாதை நடுவில் ஒரு வேன், பின்கதவைத் திறந்துவைத்து அன்னாசி வியாபாரம். விற்றவர் மடவளை ஊர்க்காரர், முஸ்லிம் நானா ஒருவர். "நானா, இது சைக்கிள் போற பாதை" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு துண்டை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "தெரியும் தங்கச்சி. வாகனம் வந்து மோதாத எடமெண்டுதானே இங்க போட்டிருக்கேன்!"

மூன்று சில்லு

அடுத்த கிழமை பின்னாலிருந்து விடாமல் ஹோர்ன். திரும்பினால், என் பாதைக்குள்ளேயே ஒரு த்ரீவீலர். இறங்கி நின்று சட்டம் பேசினேன். ஓட்டிவந்த பையன் தலையை வெளியே நீட்டிப் பொறுமையாக விளக்கினான்: "ஒங்களுக்கு ரெண்டு சில்லு, எனக்கு மூணு. ஒரேயொரு சில்லுக்காகவா சண்டை, அக்கா?"

கேக்

அம்பிட்டியவில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் பிறந்தநாள் கேக். கொத்து ரொட்டி சிந்தியதாக ஏற்கெனவே என்மேல் ஒரு முறைப்பாடு. இன்னொன்று வந்தால் வேலை இல்லை என்று கம்பனியில் சொல்லியிருந்தார்கள். ஆளேற்ற ஒரு பஸ் சடாரென்று என் பாதைக்குள் வெட்டியது. பிரேக் பிடித்தேன். நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், முழங்காலில் இரத்தம். கொண்டக்டர் குதித்து ஓடிவந்தார். என்னைத் தாண்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "கேக்குக்கு ஒண்ணும் ஆகல, நீங்க பயப்படாம எழும்புங்க!"

டீச்சர் வீட்டில்

ஆகியிருந்தது. டீச்சர் மூடியைத் திறந்தபோது ஒரு மூலை சப்பை, மகளின் பெயர் பாதி அழிந்து கிடந்தது. வேலை போயிற்று என்று நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. அவர் கேக்கைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார், கதிரையை இழுத்துப் போட்டார். சப்பையான மூலையை வெட்டி, பிறந்தநாள்காரிக்கு முன்னமே என் கையில் தந்தபோதுதான், முறைப்பாடு போகாது என்று எனக்கு உயிர் வந்தது. பஞ்சால் காயத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சைக்கிளுக்கெண்டே புதுசா பாதை போட்டிருக்காங்களாமே பிள்ளை, அதுல வந்தா என்ன?"

கண்டியில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன்: இருக்கிறது, இடம்தான் கிடைப்பதில்லை.